த ப்ராடிஜியின் 'எக்ஸ்பீரியன்ஸ்': எந்த வடிவத்தைக் கேட்பது?

1992 செப்டம்பரில் பிரிட்டனின் மின்னணு நடன இசைக் குழுவான த ப்ராடிஜியின் முதல் ஆல்பம் 'எக்ஸ்பீரியன்ஸ்' கடைக்கு வந்தது. பாட்டுப் பட்டியலில் 'சார்லி' பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டால், கிடைத்தது வேறு ஒரு சார்லி. முந்தைய ஆண்டு பிரிட்டன் தரவரிசையில் 3ஆம் இடம் வரை ஏறி, ஊரெல்லாம் ஒலித்த அந்த வடிவம் ஆல்பத்தில் இல்லவே இல்லை. 'எவ்ரிபடி இன் த ப்ளேஸ்' கதையும் அப்படித்தான். 2ஆம் இடத்தைத் தொட்ட சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்துத் தனியாக வரும் தட்டு) ஒன்று, ஆல்பத்தில் இருப்பது இன்னொன்று.

இன்றைக்கு இந்த ஆல்பத்தை முதல்முறை கேட்கப் போகிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. 1992இன் 12 பாட்டு ஆல்பம், அதற்கு முன்னும் பின்னும் வந்த சிங்கிள்கள், பிறகு இரண்டையும் ஒரே உறையில் போட்டு வந்த 'எக்ஸ்பாண்டட்' இரட்டைத் தட்டு. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரே பாட்டை ஒரே ஆள், குழுவின் லியாம் ஹவ்லெட், ஓராண்டு இடைவெளியில் மறுபடி கட்டியிருக்கிறார். அந்த ஓராண்டில் அவர் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பது இந்த வித்தியாசங்களில்தான் கேட்கிறது.

ரேவ் என்பது விடிய விடிய ஆடும் கூட்டங்களுக்கான வேகமான மின்னணு இசை, 12 அங்குலத் தட்டில் வாழ்ந்த இசை. டிஜே கையில் சேர்ந்தால் போதும், அதற்கு ஆல்பம் தேவைப்படவில்லை. ஹிட்டான சிங்கிள்கள் நாலைந்து, இடத்தை நிரப்ப இன்னும் நாலைந்து என்று ஒட்டி ஆல்பமாக விற்பது சுலபமான வழி. எசெக்ஸ் மாகாணத்து பிரெயின்ட்ரீயில் வீட்டு ஸ்டுடியோ வைத்திருந்த லியாம் ஹவ்லெட்டுக்கு அப்போது 21 வயது. மற்ற மூவரில் கீத் ஃப்ளின்ட், லீராய் தோர்ன்ஹில் இருவரும் மேடையில் ஆடினார்கள், மாக்சிம் மைக் பிடித்தார். இசை முழுக்க ஹவ்லெட்டின் வேலை. அந்தச் சுலப வழியில் அவர் போகவில்லை.

அவர் கையில் இருந்த முக்கியமான கருவி ரோலண்டு டபிள்யூ-30 என்கிற கீபோர்டு. ஒலியைச் சாம்பிள் எடுப்பது (வேறொரு பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வது), வெட்டுவது, வரிசையாக அடுக்கி ஓட்டுவது எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். நினைவகம் ரொம்பச் சின்னது. ஒரு நேரத்தில் சில நொடி ஒலிதான் அடங்கும், சேமிக்க ஃப்ளாப்பி டிஸ்க். ஒரு குரலை வேகமாக ஓடவிட்டால் அதன் சுருதியும் கூடவே மேலே ஏறிவிடும். அந்தக் கால ரேவ் பாட்டுகளில் குரல்கள் குழந்தை மாதிரி கீச்சென்று கேட்பது இதனால்தான். தாளம் வேகமாக வேகமாக குரலும் சின்னதாகிக்கொண்டே போகும்.

சரி, சார்லிக்கு வருவோம். 1973இல் பிரிட்டன் அரசு குழந்தைகளுக்காக எடுத்த எச்சரிக்கைப் படங்களில் சார்லி என்றொரு பூனை வரும். பூனை ஏதோ கத்தும், பக்கத்தில் இருக்கும் பையன் அதை மொழிபெயர்த்துச் சொல்வான்: வெளியே போகும் முன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ என்று. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் 1991இல் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தார்கள். சிங்கிளில் பிரபலமான 'ஆலி கேட்' மிக்ஸில் ஹவ்லெட் அந்தப் பூனைக் கத்தலையே பாட்டின் கொக்கியாக, காதில் மாட்டிக்கொள்ளும் துண்டாக, வைத்தார். கீபோர்டு உறுமலும் பூனையின் கத்தலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை கேட்டால் மறக்காது. அதன் பலமும் பலவீனமும் அதுவே. பின்னாலேயே குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளைச் சாம்பிள் எடுத்த பாட்டுகள் வரிசையாக வந்தன, ஸ்மார்ட் ஈஸின் 'செசமிஸ் ட்ரீட்' 1992இல் 2ஆம் இடம் வரை போனது. ரேவைக் கொன்றது சார்லிதானா என்று 'மிக்ஸ்மாக்' பத்திரிகை கேட்டதும் அதே ஆண்டில்தான்.

ஆல்பத்தில் இருப்பது 'ட்ரிப் இன்டு ட்ரம் அண்ட் பேஸ்' வடிவம். பேரிலேயே விஷயம் இருக்கிறது. பாட்டின் பாரம் பூனையிலிருந்து டிரம்ஸுக்கும் பேஸ் என்கிற அடித்தள ஒலிக்கும் இடம் மாறுகிறது. வேடிக்கை குறைந்து இருட்டு கூடுகிறது. லண்டன் கிளப்புகளில் ஜங்கிள் என்று ஓர் இசை உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது, அதன் வாசனை இதில் நன்றாகவே அடிக்கிறது. என் தேர்வு தயக்கமில்லாமல் ஆல்பம் வடிவம்தான். ஆலி கேட் மிக்ஸைக் கேட்டால் 1991 நினைவுக்கு வருகிறது. இதைக் கேட்டால் காலமே தோன்றுவதில்லை.

ஆனால் 'எவ்ரிபடி இன் த ப்ளேஸ்' விஷயத்தில் தீர்ப்பு தலைகீழ். இதற்கு முக்கியமாக மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவது 1991 பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் வெளியீடான 'வாட் ஈவில் லர்க்ஸ்' தட்டில். இரண்டாவது அந்த ஆண்டுக் கடைசியில் சிங்கிளாக வந்த 'ஃபேர்கிரவுண்டு' வடிவம். க்வீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்த சில வாரங்களில் மறுபடி வெளியான அவர்கள் பாட்டு முதலிடத்தைப் பிடித்துக்கொண்டதால் இது 2இல் நின்றது. மூன்றாவது ஆல்பத்தின் '155 அண்ட் ரைசிங்'. நிமிடத்துக்கு 155 அடி என்று பேரிலேயே வேகத்தை எழுதி வைத்திருக்கிறார். வேகம் இருக்கிறது, ஆனால் ஃபேர்கிரவுண்டில் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தது போல் வயிற்றைக் கலக்கும் அந்தச் சுழற்சி இதில் குறைவு. ஆல்பத்தை மட்டும் கேட்டவர்கள் இந்தப் பாட்டின் நல்ல வடிவத்தைக் கேட்டதே இல்லை என்றுதான் சொல்வேன்.

அப்படியென்றால் சிங்கிள்களை மட்டும் சேர்த்துக் கேட்டால் போதாதா? போதாது. காரணம் ஆல்பத்தின் நடுப்பகுதி. 6ஆவது சார்லி, 7ஆவது 'அவுட் ஆஃப் ஸ்பேஸ்', 8ஆவது 'எவ்ரிபடி', 9ஆவது 'வெதர் எக்ஸ்பீரியன்ஸ்'. இந்த நான்கும் இதே வரிசையில் வரும்போது நடப்பது தனித்தனியாகக் கேட்டால் நடப்பதில்லை.

'அவுட் ஆஃப் ஸ்பேஸ்' பாட்டில் டிரம்ஸ் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போதே தரை நழுவும். ஜமைக்கா பாடகர் மாக்ஸ் ரோமியோ 1976இல் தயாரிப்பாளர் லீ பெர்ரியோடு பதிவு செய்த ரெக்கே பாட்டு ஒன்று நிதானமாக உள்ளே நுழையும். ஓட்டத்தின் நடுவில் யாரோ கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தது போல இருக்கும். அப்புறம் மறுபடி ஓட்டம். இரண்டு பாட்டு தள்ளி வரும் 'வெதர் எக்ஸ்பீரியன்ஸ்' அதே வித்தையை எட்டு நிமிடத்துக்கு நீட்டுகிறது. வானிலை அறிக்கை வாசிக்கும் குரல், அதன் கீழே மேகம் கூடுவது போல மெதுவாக நகரும் சுரங்கள். டிரம்ஸ் வருமா வருமா என்று காத்திருக்க வைக்கிறார். வரும்போது மழை அடித்துக் கொட்டுகிறது. 21 வயதில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். இது சிங்கிளுக்கான பாட்டே கிடையாது. 12 அங்குலத் தட்டுகளின் உலகத்தில் இருந்துகொண்டு ஆல்பம் என்று யோசித்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும்.

'எக்ஸ்பாண்டட்' பதிப்பு 2001இல் வந்தது, 2008இலும் மறுபடி வந்தது. முதல் தட்டு அதே 12 பாட்டு. இரண்டாவதில் ஆலி கேட் சார்லி, ஃபேர்கிரவுண்டு, ஆல்பம் வந்த அடுத்த ஆண்டில் சிங்கிளாக மறுபடி செய்த 'விண்ட் இட் அப்', 'வெதர் எக்ஸ்பீரியன்ஸ்' பாட்டை டாப் பஸ் குழுவினர் கலைத்துச் செய்த வடிவம், 'கிரேஸி மேன்' மாதிரி சிங்கிள் தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகள். டாப் பஸ் வடிவம் எனக்கு ஒட்டவில்லை, அந்தக் காத்திருப்பு போய்விட்டால் அந்தப் பாட்டில் பாதி போய்விடுகிறது. மற்றபடி இரண்டாம் தட்டு ஒரு டிஜேயின் பைக்குள் கைவிட்டுத் துழாவுவது போல. வரிசைக்கு அர்த்தம் இல்லை, அர்த்தம் தேடவும் வேண்டாம்.

வாங்குவதென்றால் இந்த இரட்டைத் தட்டையே வாங்குங்கள். ஆனால் முதல் சில வாரங்களுக்கு இரண்டாவதைத் தொடாதீர்கள். முதல் தட்டை முழுக்க, வரிசை மாற்றாமல், நல்ல பேஸ் வரும் ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் ஆல்பத்துச் சார்லி வெறும் தகரச் சத்தமாகத்தான் இருக்கும். அது மனதில் பதிந்த பிறகு இரண்டாம் தட்டைத் திறந்து, முதலில் ஃபேர்கிரவுண்டைப் போடுங்கள்.