பில்லில் சிந்தெடிக், எஞ்சினில் லாரி ஆயில்

மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே மறந்து வைத்துவிட்டேன். அதனால்தான் விஷயம் பிடிபட்டது.

வழக்கம்போல் காரை சர்வீசுக்கு விட்டுவிட்டுத் தொழிற்பேட்டை கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். தே ஓ (பால் இல்லாத தேநீர்) வந்தது. பேப்பரை விரித்தால் எழுத்து தெரியவில்லை. சரி, எடுத்து வரலாம் என்று பட்டறைக்குத் திரும்பினேன். பானெட் திறந்திருந்தது. மூலையில் இருந்த நீல டிரம்மிலிருந்து ஒரு பையன் கைப்பம்பால் எண்ணெயைப் பிடித்து, என் எஞ்சினில் ஊற்றிக்கொண்டிருந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரம்மைப் பார்த்தேன். 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தது. பெரும்பாலும் டீசல் லாரிக்கு ஊற்றும் ஆயில் அது. அந்த எண் என்றால் அநேகமாக மினரல்தான், விலை குறைந்த ரகம். எனக்கு அவர்கள் போடும் பில்லோ, 'ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ-30, 4 லிட்டர்', 138 சிங்கப்பூர் வெள்ளி. அங்கே அது எனக்கு மூன்றாவது சர்வீஸ்.

கடைக்காரர் நம் ஆள். தமிழில் பேசுவார், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். அதை நம்பித்தான் போனேன். கேட்டால் சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, கம்பெனி ஆயில்தான். டிரம்ல வாங்கினா வெல கம்மி, அவ்ளோதான்" என்கிறார். வெல கம்மி என்றால் பில்லும் கம்மியாக வேண்டுமே தம்பி என்றேன். அதற்குப் பதில் இல்லை. அதை வடித்துவிட்டு என் கண்முன்னால் சீல் உடைத்து 5டபிள்யூ-30 ஊற்று என்றேன். கடை முழுக்கத் தேடினார்கள். ஒரு போத்தல்கூட இல்லை. அப்போதுதான் முந்தைய இரண்டு தடவை என்ன ஊற்றியிருப்பார்கள் என்று எனக்கு உறைத்தது.

ஒரு சர்வீசுக்கு எழுபது வெள்ளி ஏமாந்தேன் என்பதோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மாதம் ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. சிந்தெடிக் ஆயில் என்பதால் அடுத்த சர்வீஸ் 10,000 கிலோமீட்டரில் என்று அவர்களே கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மினரல் ஆயிலை ஐயாயிரம் வாக்கில் மாற்றிவிட வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆக, ஸ்டிக்கரை நம்பி அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டியிருக்கிறேன், இரண்டு தடவை.

அங்கிருந்து நேரே காக்கி புக்கிட்டில் வேறொரு பட்டறைக்குப் போனேன். தினமும் ஜொகூரிலிருந்து வந்து போகும் மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆயில் மூடியைத் திருகி எடுத்து, உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். கருப்பாக, பசை மாதிரி.

"எத்தன கிலோமீட்டர் ஓட்டுனீங்கண்ணே?"

"பத்தாயிரம். ஸ்டிக்கர்ல அப்படித்தானே போட்டிருந்தான்."

"நாள் முழுக்க ஏர்கான் போட்டு ஜாம்ல நிக்கிற வண்டி. இந்த ஆயிலுக்கு அஞ்சாயிரமே ஜாஸ்திண்ணே."

அவர் விளக்கியதையும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மினரல் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. அதில் பெரிதும் சிறிதுமாக மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சூடு ஏறும்போது லேசானவை ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டுத் தடிக்கும். அந்தப் பசை இப்படி வருவதுதான். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் சூட்டை அதிக நாள் தாங்கும். டர்போ வைத்த வண்டிக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் டர்போவின் தாங்கியில் (பேரிங்) எண்ணெய் கருகிப் படியும்.

காணொளிகளில் சிந்தெடிக்கின் பெருமை என்று முதலில் குளிரைத்தான் சொல்வார்கள். அந்த 'டபிள்யூ'வே வின்டர்தான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை, 1934 ஜனவரியில் வந்த 19.4 டிகிரி! நமக்கு அந்தக் கதை வேண்டாம். தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கும்போது எஞ்சினுக்குள் இருக்கும் சூடுதான் நம் கதை.

பெட்ரோலும் காட்டிக்கொடுத்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் குறித்து வைப்பவன் நான். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்திருந்தது. டயர் காற்று, பயணிகளின் பெட்டி என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். 15டபிள்யூ-40 போல, வண்டி கேட்பதைவிடத் தடித்த எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் அதைத் தள்ளவே கொஞ்சம் பெட்ரோல் செலவழிக்கும்.

மினரல் ஆயில் விஷம் என்று நான் சொல்லவில்லை. டர்போ இல்லாத பழைய வண்டி, வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறீர்கள், கையேடு அந்த ஆயிலை அனுமதிக்கிறது, நேரத்துக்கு மாற்றுகிறீர்கள் என்றால் தாராளமாக ஊற்றுங்கள். எதை ஊற்றுகிறார்கள் என்று தெரிந்து ஊற்றுங்கள், அவ்வளவுதான். 'சிந்தெடிக்' என்ற சொல்லே கொஞ்சம் வழுக்கலானது என்பதும் நினைவிருக்கட்டும். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்துச் செய்வதையும் அப்படி அழைக்கலாமா என்று மொபிலும் காஸ்ட்ராலும் அமெரிக்காவில் சண்டை போட்டு, 1999இல் அழைக்கலாம் என்று விளம்பரத் தகராறுகளைப் பார்க்கும் அமைப்பு சொல்லிவிட்டது. அதனால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, போத்தலின் பின்பக்கம் இருக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண்ணையும் தரக்குறியீட்டையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். போத்தலே வராமல் குவளையில் வந்தால், ஊற்றும் முன்பே நிறுத்துங்கள். ஊற்றிய பிறகு பார்த்தால் எல்லா எண்ணெயும் தேன் நிறம்தான்.

எனக்கு உதவியது பழைய பில்கள். 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்தது. டிரம்மையும் பையனின் குவளையையும் கைப்பேசியில் எடுத்திருந்தேன். மூன்றாவது சர்வீசுக்குப் பணம் கொடுக்கவில்லை. முதல் இரண்டுக்கும் சேர்த்துச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். என்னுடையது போன்ற சின்னத் தொகைக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. முதல் இரண்டு தடவை என்ன ஊற்றினார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அது என் தரப்பின் ஓட்டை. பார்க்கலாம். விசாரணை இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை, பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள்.

காக்கி புக்கிட் தம்பி, அடுத்த இரண்டு தடவையும் 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றச் சொல்லியிருக்கிறார், பசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரட்டும் என்று. முதல் தடவை ஆயிற்று. இப்போதெல்லாம் நான் கேண்டீன் பக்கம் போவதில்லை. பானெட் பக்கத்திலேயே நின்று, சீல் உடைவதைப் பார்த்து, காலி போத்தல்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிறேன். நேற்று மார்க்கெட்டிலிருந்து வந்து டிக்கியைத் திறந்த என் மனைவி, அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டார்.