கடற்காற்றில் மரத்தளம்: அயனி, தேக்கு, டபிள்யூபிசி என் வீட்டில் எப்படி நிற்கின்றன

வெளியில் டெக், அதாவது மரத்தளம், போட எந்தப் பலகை நல்லது என்று யாராவது கேட்டால், அடியில் பலகையைத் தாங்க என்ன சட்டம் வைக்கப் போகிறீர்கள், எந்த ஸ்க்ரூ வாங்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலகை உளுத்துப்போய் டெக்கைப் பிரித்தவர்களைவிட, பலகை நன்றாக இருக்கும்போதே சட்டம் துருப்பிடித்துப் பிரித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். படுத்தால் அலைச்சத்தம் கேட்கிற தூரம். வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு டெக், மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், இன்னொன்று. இரண்டும் ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருசம் போட்டவை. கீழே அயனிப் பலகை, இறங்கும் படிகளுக்குத் தேக்கு, மேலே டபிள்யூபிசி, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்க்கும் பலகை. மலையடிவாரத்தில் இருக்கும் குலசேகரத்தில் தங்கச்சி வீட்டு முற்றத்திலும் அதே டபிள்யூபிசிதான். ஒரே லாரியில் வந்த சரக்கு. அதனால் ஒரே பலகை கரையோரத்தில் என்ன ஆகிறது, ரப்பர்த் தோட்டத்து நிழலில் என்ன ஆகிறது என்று இரண்டையும் பார்க்க முடிந்தது.

நமக்கு மழை இரண்டு முறை. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு, நடுவில் சுள்ளென்ற வெயில். வெளியில் கிடக்கும் மரம் வருசத்துக்கு இரண்டு தடவை ஊதி, இரண்டு தடவை சுருங்குகிறது. கரையோரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. குளிர்நாட்டு வீடியோக்களில் பைன் மரத்தை வைத்துச் சொல்லும் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. அவர்களுக்குப் பயம் உறைபனி. நமக்குப் பயம் உப்பும் கரையானும்.

அயனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேரளப் பக்கம் ஆஞ்சிலி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம். வள்ளம் கட்டக் காலங்காலமாகப் பயன்படுகிற தடி, அதாவது மரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மாவட்டம் முழுக்க மரங்கள் சாய்ந்தன, அப்பாவின் விளையில், அதாவது தோட்டத்தில், நின்ற பழைய அயனியும் சாய்ந்தது. விறகுக்கு விற்க மனம் வரவில்லை. மில்லில் அறுத்து, பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து, நிழலில் அடுக்கி நன்றாகக் காயவிட்டோம். வேலை செய்த ஆசாரி வயதானவர், பழைய கை. பலகைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "தடி நனையட்டு மக்கா, அது பெரிசில்ல. தண்ணி நிக்கப்பிடாது. நின்னா எந்தத் தடியும் போவும்" என்றார். பலகைக்குப் பலகை சின்ன விரல் நுழையாத அளவு இடைவெளி, மொத்தத் தளத்துக்கும் வெளிப்பக்கமாக லேசான சாய்வு. இவை இரண்டும் இல்லையென்றால் வைரம் பாய்ந்த தேக்கே போட்டாலும் வீண்.

இப்போது அந்தப் பலகைகள் மஞ்சளும் இல்லை, தவிட்டு நிறமும் இல்லை. சாம்பல் பூத்துப் போயிருக்கின்றன. மேலே மெல்லிய கீறல்கள் உண்டு. பேனாக்கத்தி முனையால் குத்திப் பார்த்தால் உள்ளே இறங்காது. ஒரே ஒரு பலகையின் ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் ஏறாத பாகம், விரலகலம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த விரலகலம் மட்டும் ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிட்டது. அதை ஒட்டி நிற்கும் வைரம் அப்படியே இருக்கிறது. மரக்கடையில் "அயனிதான் சார், நூறு வருசம் நிக்கும்" என்பார்கள். எந்த மரம் என்பதோடு, வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்று வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

தேக்குப் படிகளும் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் வயது குறைந்த தோட்டத்துத் தேக்கில் வெள்ளைதான் அதிகம். தேக்கு என்ற பெயருக்குக் கொடுக்கும் விலை அங்கே வீணாகிறது. அதே பணத்துக்கு முற்றிய அயனி கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தில் டெக் போட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம், வண்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. போரான் மருந்து ஏற்றி வருவது வீட்டுக்குள் இருக்கும் மேசை நாற்காலிக்குச் சரி. மழையில் அந்த மருந்து கரைந்து போய்விடும். தென்னந்தடியும் திறந்தவெளிக்கு ஆகாது. கூரைக்குப் போடும் பனங்கை ஓட்டுக்குக் கீழே தலைமுறை தாண்டி நிற்கும், மழையில் கிடந்தால் நுனியிலிருந்து இற்றுப்போகும்.

பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டி, மரம் அங்கே இத்தனை நூற்றாண்டு நிற்கிறதே என்று வாதாடுபவர்களையும் பார்க்கிறேன். அங்கே போகும்போது ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். செங்குத்தான ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கும் தாழ்வாரம். அந்த மரத்தின் மேல் மழை நேரடியாக விழுவதே அபூர்வம். டெக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எண்ணெய் விசயம். வார்னிஷ் அடித்தால் முதல் வருசம் பளபளக்கும், பிறகு செதில் செதிலாக உரியும், அதன் அடியில் தண்ணீர் புகுந்து தங்கும். நாங்கள் மேற்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் கலந்த டெக் ஆயில் மட்டும்தான் தேய்க்கிறோம். அதற்குத் தோதான காலம் தை, மாசி. வடகிழக்கு மழை ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். பலகையின் அடிப்புறத்துக்கும் வெட்டுமுகத்துக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினோம். வள்ளத்துக்குப் பூசும் அதே எண்ணெய். நம் மாவட்டத்தில் முந்திரி ஆலைகளுக்குக் குறைவில்லை, எண்ணெய் கிடைப்பது எளிது. கையுறை இல்லாமல் தொடவே கூடாது, தோல் கொப்பளித்துவிடும். கறுப்பாக நிறம் ஏறும் என்பதால் மேற்புறத்துக்கு வேண்டாம்.

இனி டபிள்யூபிசி. கதவுக்கும் கிச்சன் அலமாரிக்கும் டபிள்யூபிசி என்ற பெயரில் விற்கும் பிவிசி ஃபோம் பலகை வேறு, டெக் பலகை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். மட்டுப்பாவில் அது எனக்கு நன்றாகவே உழைத்திருக்கிறது. கரையான் இல்லை, எண்ணெய் வேலை இல்லை, கூட்டிக் கழுவினால் போதும். குறை என்றால் சூடுதான். பங்குனி சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அடர்நிறம் எடுத்தால் இன்னும் மோசம். வெயிலில் நீளவாக்கில் வளரவும் செய்யும். 3 மீட்டர் பலகை காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் நீளலாம். முட்டுக்கு முட்டு நெருக்கிப் போட்டால் மதியம் மேலே தூக்கிக்கொள்ளும்.

குலசேகரத்தில் கதை வேறு. சூடு ஒரு பிரச்சினையே இல்லை, நிழல்தான் பிரச்சினை. மேலுறை இல்லாத பலகை அது, மரத்தூள் வெளியே தெரியும்; வெயில் படாத இடத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை, மழைக்காலத்தில் வழுவழுவென்று பாசி. உள்ளே ஓட்டையுள்ள பலகையும்கூட. முனை மூடி விழுந்த இடங்களில் எறும்பு குடியேறியது, மண்ணும் தண்ணீரும் சேர்ந்தன. மலையடிவாரத்தில் வீடு என்றால் ஓட்டையில்லாத, மேலுறையோடு வார்த்த பலகையைத்தான் எடுக்க வேண்டும். காசு கூடும், ஆனால் தங்கச்சி ஆடி மாதம் முழுக்க பிரஷ்ஷோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வருகிறேன். குளச்சல் பக்கம் சித்தப்பா வீட்டில் விலை கூடிய டபிள்யூபிசி. அடியில் எம்எஸ், அதாவது சாதா இரும்பு, சதுரப் பைப்பை வெல்டிங் செய்து, வெளியில் பிரைமரும் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். பைப்பின் முனைகளை யாரும் மூடவில்லை. உப்புக்காற்று உள்ளே போய், பெயின்ட் பளிச்சென்று இருக்கும்போதே பைப் உள்ளிருந்து அரித்துவிட்டது. ஒருநாள் ஓரத்தில் கால் வைத்ததும் தளம் இறங்கியது. பிரித்து எடுத்த பலகைகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் இதைவிட மேல்தான். ஆனால் வெல்டிங் வைத்த இடத்திலும் வெட்டிய முனையிலும் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடங்களுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடிக்காமல் பலகையை ஏற்ற விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் கருங்கல் குட்டைத்தூண், அதன் மேல் அயனிச் சட்டம். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பர் துண்டு. சட்டத்தின் மேல்முகத்தில் ஒட்டும் தார்ப்பட்டை, ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க. தளத்துக்கு அடியில் காற்று புகுந்து வெளியேறும் உயரம் இருக்கிறது.

ஸ்க்ரூ எல்லாம் 316 கிரேடு எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு. சரக்கு தீர்ந்ததால் கடைசி இரண்டு வரிசைக்கு மட்டும் 304 வந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு வரிசையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்: ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் தேயிலைக் கறை போல வட்டம். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பு குழிபறிப்பதை அதுதான் தடுக்கிறது. கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, அசல் சரக்கு என்பார்கள். 304, 316 இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது, அந்தச் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியாது. போல்ட் என்றால் தலையைப் பாருங்கள்: ஏ4 என்று பதித்திருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. சாதா இரும்பு ஆணி தேக்கில் கறுப்புக் கறையும் இறக்கும்.

கடலுக்கு அருகில், கையில் பணம் குறைவு, பராமரிக்க நேரமும் இல்லை என்றால் டெக் யோசனையையே விட்டுவிட்டு, சொரசொரப்பாக முகம் தீய்த்த கருங்கல் பலகை போடலாம். 

மட்டுப்பாவில் போடுபவர்களுக்கு ஒன்று. சட்டத்தை நிறுத்த கான்கிரீட்டைத் துளைக்க விடாதீர்கள், ஒழுக்கு அங்கேதான் பிறக்கும். உயரம் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கால்களின் மேல் சட்டத்தை வையுங்கள். தண்ணீர் போகும் ஓட்டைக்கு மேலே வரும் பலகைகளைத் தனிச் சதுரமாக, கையால் தூக்கி எடுக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அதைத் தூக்கினால் தென்னம்பூவும் சருகும் ஒரு வாளி வரும்.