எம்416 ஆ, எம்1101 ஆ: முகாம் ட்ரெயிலருக்கு எந்த ராணுவப் பழசு?

நான்கு கதவு ஜீப் ரேங்லருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்த் தங்க ஒரு ட்ரெயிலர் தேடியபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட இரண்டு வண்டிகள். ஒன்று, வியட்நாம் போர்க்காலத்து எம்151 ஜீப்புக்காகச் செய்த கால் டன் எம்416. மற்றொன்று, ஜீப்புக்குப் பிறகு வந்த அகலமான ராணுவ வண்டியான ஹம்விக்குப் பின்னால் ஓடிய எம்1101. நான் வாங்கியது எம்416. இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கேயே சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்கும் வசதி.

வேறு பெயர்களும் காதில் விழும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பாண்டம் டி3 அவற்றில் ஒன்று. 1940இல் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப்பைச் செய்துகொடுத்தது பாண்டம்தான். ஆனால் பெரிய ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன, பாண்டமுக்கு மிஞ்சியது ட்ரெயிலர் வேலை. அந்த வரலாற்றைத் துளைபோட்டுக் கூடாரம் திருகுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. முக்கால் டன் எம்101 உழைக்கிற வண்டிதான். ஆனால் ஏறக்குறைய அதே எடைக்கு எம்1101 அலுமினிய உடலோடு கிடைக்கும்போது, இரும்பு எம்101இன் துருவோடு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை.

முதலில் எடை. எம்416 வெறுமனே சுமார் 260 கிலோ. கரடுமுரடான தடத்தில் அதன் அதிகாரபூர்வச் சுமை 500 பவுண்டு, அதாவது 225 கிலோ சொச்சம். எம்1101 வெறுமனே 650 கிலோவைத் தொடும், சுமையோடு 1,540 கிலோ வரை போகலாம். என் நான்கு கதவு ரேங்லர் சரியான பல்சக்கர விகிதத்தோடு இழுக்கக்கூடிய உச்சம் சுமார் 1,590 கிலோ. தாளில் இரண்டுமே பொருந்துகின்றன. ஆனால் வண்டியின் உச்ச வரம்புக்கு ஐம்பது கிலோ குறைவாகக் கட்டிக்கொண்டு மணலில் இறங்குவதை யாரும் பொருத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

துரு விஷயத்தில் எம்1101 தெளிவாக ஜெயிக்கிறது. எம்416இன் உடல் ஒரு இரும்புத் தொட்டி. நீர் புகாதபடி செய்திருப்பதால், வடிகால் மூடிகளைத் திறக்காமல் வெளியே போட்டுவைத்த வண்டிகளில் மழைநீர் தேங்கித் தரை அரித்திருக்கும். வாங்கப் போகும்போது ஒரு சுத்தியல் கொண்டுபோங்கள். தரையின் நான்கு மூலைகளிலும் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும். அரித்த இடம் சொத சொதவென்று ஒலிக்கும். எனக்குக் கிடைத்ததில் ஒரு மூலை மட்டும் போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தேன்.

பெயின்ட் எடுக்கும் வேலை இரண்டுக்கும் பொது, ஆபத்தும் பொது. என் வண்டியில் மேலே மணல் நிறம், அதன் கீழே பச்சை, பழுப்பு, கறுப்பு கலந்த மறைப்பு நிறம், அதற்கும் கீழே பழைய ஆலிவ் பச்சை. சுரண்டச் சுரண்ட அது பணியாற்றிய இடங்கள் வரிசையாக வெளிவந்தன. 1980களிலிருந்து ராணுவம் பூசும் கார்க் (CARC) வகைப் பெயின்ட், வேதியியல் ஆயுதங்களின் நச்சு உள்ளே ஊறாமல் இருப்பதற்கானது. அதன் தூளும், அடியில் உள்ள பிரைமரில் இருக்கக்கூடிய குரோமியமும், பழைய அடுக்குகளில் இருக்கக்கூடிய ஈயமும் நுரையீரலுக்கு ஆகாதவை. கிரைண்டரை வைத்து உலர்வாகத் தேய்த்துத் தெருவெல்லாம் புழுதி பறக்கவிட வேண்டாம். நான் பெயின்ட் கரைக்கும் பசையைப் பூசி, ஈரமாகவே வழித்தெடுத்தேன். தூசி வடிகட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டேன். சலிப்பூட்டும் வேலை.

மின்விளக்குகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டும் 24 வோல்ட் முறை. இரண்டிலும் பழைய கம்பிகளை உருவிவிட்டு 12 வோல்ட் எல்இடி மாட்டிவிடலாம். எம்1101 அரசு ஏலத்திலிருந்து வந்தால் எஸ்எஃப்-97 என்ற சான்றும் கூடவே வரும், அதைக் கொடுத்து மாநிலத்தில் பதிவு செய்துகொள்ளலாம். எம்416 பல கைகள் மாறியிருக்கும். அதன் தகவல் தகடு அப்படியே இருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். அது சக்கரம்.

எம்1101இல் ஓடுவது ஹம்வியின் சக்கரமேதான்: 37 அங்குல டயர், 16.5 அங்குல ரிம். அந்த அரை அங்குலத்தில்தான் சிக்கல். 16.5 அங்குல ரிம் பொதுச் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. கலிபோர்னியப் பாலைவன ஊர்களான பார்ஸ்டோவிலோ நீடில்ஸிலோ ஒரு டயர் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். ராணுவ மிச்சச் சரக்கை நம்பியே காலம் தள்ள வேண்டும். போதாததற்கு, ஹம்வி ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தது. பஞ்சர் ஒட்டுவதற்கு அதைப் பிரிக்கும் முன் வால்வின் உள்ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கியாக வேண்டும். காற்றோடு போல்ட்டைத் தளர்த்தினால் ரிம் ஆளைக் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஸ்டெப்னி ஜீப்புக்கு ஆகாது, ஜீப்பின் ஸ்டெப்னி அதற்கு ஆகாது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

எம்416இன் அசல் சக்கரமும் ஜீப்புக்குப் பொருந்தாது, அதை மறைக்கவில்லை. அதில் ஐந்து போல்ட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் இருக்கும். பழைய சிஜே ஜீப்புகளுக்கு அது சரி, என் ரேங்லருக்கு ஐந்து அங்குல வட்டம். ஆனால் இது தீர்க்கக்கூடிய சிக்கல். பழைய அச்சைக் கழற்றிவிட்டு, 3,500 பவுண்டு தாங்கும் சாதாரண ட்ரெயிலர் அச்சு ஒன்றை, ஜீப்பின் தட அகலத்துக்கு, அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்கு, அளவு கொடுத்து, ஐந்து அங்குல வட்ட ஹப்போடு செய்துவாங்கினேன். பட்டை ஸ்பிரிங்கை அச்சின் மேலே ஏற்றிப் பொருத்தியதில் ஜீப்பின் டயரே உள்ளே அடங்கியது. இப்போது ஆறு சக்கரங்களும் ஒரே அளவு. ட்ரெயிலரில் ஒன்று, ஜீப்பில் ஒன்று என்று இரண்டு ஸ்டெப்னி. எது எங்கே பஞ்சரானாலும் கவலையில்லை. பேரிங்கும் அப்படியே: இந்த வகை அச்சில் உள்ளே எல்68149, வெளியே எல்44649. படகு ட்ரெயிலர் உதிரிபாகம் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அச்சை மாற்றியதில் பிரேக்கும் சேர்ந்து வந்தது. எம்1101இல் இருப்பது, ட்ரெயிலர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக். நெடுஞ்சாலையில் அது சரியாக வேலை செய்யும். பாறைச் சரிவில் மெல்ல இறங்கும்போது ட்ரெயிலர் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதுவும் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடேறும். என் புது அச்சில் மின் பிரேக். ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியை விரலால் நகர்த்தினால் ட்ரெயிலர் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து தள்ளுகிற உணர்வே வராது.

தட அகலம் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் சக்கரத்தின் கதைதான். ஹம்வியின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1.83 மீட்டர், எம்1101 அதன் சுவட்டிலேயே வரும்படி செய்தது. என் ரேங்லருக்கு அது சுமார் 1.57. அதாவது பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர் ட்ரெயிலர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தைப் பார்த்து நாம் ஒதுக்கிய பாறையில் ட்ரெயிலர் ஏறும். மணலில் இன்னும் மோசம்: ஜீப் அழுத்திவிட்டுப் போன சுவட்டில் வருகிற ட்ரெயிலர் லேசாக உருளும், புது மணலைத் தானே கிழித்துக்கொண்டு வருவது நங்கூரம்போல இழுக்கும். கலிபோர்னியாவின் மொஹாவி ரோடு சுமார் 220 கிலோமீட்டர், அதில் மணல் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. எம்416 அங்கே பின்னால் இருப்பதே தெரியாமல் வந்தது.

அதே பாதையில் ஆஃப்டன் கேன்யனில் மொஹாவி ஆற்றைக் கடக்கும் இடமும் உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது அங்கே எழுதிவைக்க வேண்டிய வாசகம். நீர் புகாத தொட்டி அங்கே நல்லதா என்று கேட்டால், பாதி நல்லது என்பேன். சாமான் நனையாது, ஆனால் லேசான ட்ரெயிலர் மிதந்தால் நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். நீர் ஏறினால் வடிகால் மூடிகளைத் திறந்துவிடுவது மேல். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உறிஞ்சும். ஆகவே ஆறு கடந்த பயணத்துக்குப் பின் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் விடுவதில்லை. கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

எம்416இன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்கதவு கிடையாது, அடியில் இருக்கும் அடுப்பை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பலர் பின்தகட்டை அறுத்துக் கதவு வைக்கிறார்கள். நான் வைக்கவில்லை. அறுத்தால் தொட்டியின் விறைப்பு குறையும், விலையும் குறையும். அறுக்காத எம்416ஐத் தேடிக்கொண்டிருக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. பழைய அச்சையும் அதற்காகவே எண்ணெய் பூசிக் கொட்டகையில் போட்டுவைத்திருக்கிறேன். சமையல் சாமான்களுக்கு முன்பக்க இழுவைச் சட்டத்தின் மேல் தனிப்பெட்டி வைத்ததில் பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதி சுமை. 75 லிட்டர் தண்ணீர், மடிப்புக் கூடாரம், குளிர்பெட்டி, பேட்டரி, அடுப்பு, நாற்காலி என்று அடுக்கினால் 225 கிலோ வந்துவிடும். அச்சு 3,500 பவுண்டு தாங்குகிறதே என்று கூட்டிக்கொண்டே போக முடியாது; சட்டமும் ஸ்பிரிங்கும் பழையவைதான்.

எம்1101ஐ நான் இழுத்தது குறைவு. நண்பர் ஒருவர் தம் முக்கால் டன் பிக்கப்பில் கட்டியிருக்கிறார், அதை இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி. "சின்னதை வாங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் கிலோ கணக்குப் பார்க்கிறீர்களே, அது ஒரு முகாமா?" என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் வண்டியின் அகலத்துக்கு அந்தத் தடம் உறுத்தவில்லை. குடும்பத்தில் ஐந்து பேர். சக்கரத்தில் எட்டு போல்ட் 6.5 அங்குல வட்டம் என்பதால் கனரகப் பிக்கப்புகளின் 17 அங்குல ரிம்மைப் போட்டு டயர் சிக்கலைத் தீர்த்துவிட்டதாகவும் சொல்கிறார். ஹம்வி ரிம்மின் உட்குழிவு வேறு; ரிம்மை மாற்றினால் தடம் எவ்வளவு நகர்கிறது, உடலில் உரசுகிறதா என்பதை அளந்தே முடிவுசெய்ய வேண்டும். பிக்கப் வைத்திருப்பவர் எம்1101 வாங்குவதாக இருந்தால், முதலில் டயர் கடையில் போய்ப் பேசிவிட்டுப் பிறகு ஏலத்தில் கை தூக்கட்டும்.