அம்மாவின் முட்டியும் மீந்துபோன மாத்திரைகளும்

போன மார்கழியில் ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு வலது முட்டி மாற்று ஆபரேஷன். வயது 71, லால்குடியில் அக்கா வீட்டில் இருக்கிறார். ஆபரேஷன் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். கனடாவில் நான் இருக்கும் பிராம்ப்டனிலிருந்து கிளம்பும்போது எனக்கு இருந்த பயமெல்லாம் ஆபரேஷனைப் பற்றித்தான். அது நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வந்தது பாருங்கள், அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் என்று முடிவான பத்தாவது நாள் அம்மா தியேட்டருக்குள் போய்விட்டார். ஒன்டாரியோவில் இதற்கு மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே பிசியோ தம்பி ஒருவர் வாக்கரோடு வந்து நின்றார். "பாட்டி, அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் நீங்களே நடந்து போய்ப் பாக்கணும். இன்னிக்குக் கதவு வரைக்கும் போதும்" என்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினார். அந்தத் தம்பிக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்களோ, இரண்டு மடங்காகக் கொடுக்கலாம்.

டிஸ்சார்ஜ் நாலாம் நாள். காலை பத்து மணிக்கு டாக்டர் சரி சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து, பில் போட்டு முடிக்க மதியம் மூன்றரை. ஐந்தரை மணி நேரம் பணத்துக்குப் போயிற்று. மாத்திரைக்கு எவ்வளவு நேரம் போயிற்று தெரியுமா? ஒரு நிமிடம்கூட இல்லை. சிஸ்டர் பையைப் பிரித்து ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டினார். "இது வலிக்கு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இது மூணு வேளை. இது வெறும் வயித்துல. பதினஞ்சாம் நாள் தையல் பிரிக்க வாங்க." அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சலைன் முடிந்துவிட்டது என்று அதற்குள் மூன்று முறை கூப்பிட்டிருந்தார்.

காரில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன். "வலிக்கு" என்று அவர் சொன்ன மாத்திரை டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்தது. தினம் இரண்டு, பதினைந்து நாளைக்கு, ஆக 30. "மூணு வேளை" என்றது பாராசிட்டமால் 650. டிரமடால் ஆய்வகத்தில் செய்வதுதான், கசகசாச் செடியிலிருந்து வருவதில்லை. ஆனாலும் மூளையில் அபின் எங்கே போய் உட்காருமோ அங்கேதான் இதுவும் போய் உட்காரும். மயக்கம், மலச்சிக்கல், அளவு கூடினால் மூச்சு மந்தமாவது, நாள்பட்டால் பழகிவிடுவது எல்லாம் இதற்கும் உண்டு. இதில் ஒரு வார்த்தைகூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கனடாவில் பித்தப்பையை எடுத்தார்கள். மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்ததும் பார்மசிஸ்ட் என்னைக் கவுண்டரின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். டப்பாவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. அடிமையாக்கும், அளவு மீறினால் ஆபத்து என்று அதில் அச்சடித்திருந்தது. கூடவே ஒரு தாளும் கொடுத்தார். 2018 அக்டோபரிலிருந்து கனடாவில் இந்த வகை மருந்தை ஸ்டிக்கரும் தாளும் இல்லாமல் கொடுக்கக் கூடாது. தூக்க மாத்திரை எடுக்கிறீர்களா, மது உண்டா, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். மிச்சம் இருந்தால் இங்கேயே கொண்டுவந்து கொடுங்கள், நாங்கள் அழித்துவிடுவோம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? பதினைந்தில் மூன்றைப் போட்டுக்கொண்டு, மீதிப் பன்னிரண்டை ஒன்றரை வருடம் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். மகன் பள்ளியில் இதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்து, அவன் வந்து கேட்ட பிறகுதான் எடுத்துக்கொண்டு ஓடினேன். எனவே அந்த ஊர் ஒழுங்கு, இந்த ஊர் மோசம் என்று பேச எனக்கு வாயில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் அம்மா அக்காவைப் பார்த்து, "மங்களம், எப்ப வந்த?" என்றார். மங்களம் சித்தி போய்ப் பல வருடம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே கண் சொருகியது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு போன் அடித்தோம். டூட்டி டாக்டர், சின்ன வயதுப் பெண், முதலில் மூச்சு எப்படி வாங்குகிறார், உதடு நிறம் மாறியிருக்கிறதா, கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று கேட்டார். பிறகு, "வேற ஏதாவது மாத்திரை போடறாங்களா? தூக்கத்துக்கு?"

அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா போன பிறகு தூக்கம் வரவில்லை என்று அம்மா ராத்திரி அரை அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டால் கணக்கு இல்லை. அட்மிஷன் போடும்போது சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒப்பித்தவர் இதைச் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "அது தூக்கத்துக்குத்தானடா. அதைப் போயி எதுக்குச் சொல்லணும்?" என்றார். டிரமடாலும் தூக்க மாத்திரையும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். அதுவும் 71 வயதில். டாக்டர் அன்று ராத்திரி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். மூச்சு சீராக இல்லை என்றாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். அல்பிரசோலத்தை அம்மாவாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, மெல்லத்தான் குறைக்க வேண்டும், நாளைக்கே பேசுங்கள் என்றும் சொன்னார். ராத்திரி முழுக்க அக்காவும் நானும் மாறி மாறி உட்கார்ந்து அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடிந்ததும் அம்மா, "ஏன்டா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார்.

மலச்சிக்கலைப் பற்றி அதிகம் எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வார். ஐந்தாம் நாள் அவருக்கு முட்டியைவிட அதுதான் பெரிய கவலையாக இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வலி மாத்திரையோடு சேர்த்து அதற்கும் ஒரு சிரப் எழுதியிருந்தால் தீர்ந்தது.

எங்களுக்கு உண்மையில் பாடம் எடுத்தவர் லால்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிரப் வாங்கப் போனபோது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். "பாராசிட்டமாலை நேரம் தவறாம மூணு வேளை கொடுங்க. வலியை அது பாதி தாங்கும். இன்னொண்ணை மணி பாத்துக் கொடுக்காதீங்க. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு, எக்சர்சைஸ் பண்ண முடியாத அளவுக்கு வலிச்சா மட்டும் ஒண்ணு. அதுக்குள்ளயும் பாராசிட்டமால் இருக்கு, அதனால ஜுரம்னு இன்னொரு டோலோவைச் சேர்த்துடாதீங்க. வலி சுத்தமா போகாது, நடக்கிற அளவுக்குக் குறைஞ்சாப் போதும்." பேசிக்கொண்டே ஒரு காகித உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டே நிமிடம். டாக்டரும் போனில் அதையே ஒப்புக்கொண்டார்.

அவர் மேஜையில் நீளமான ஒரு ரிஜிஸ்டர் கிடந்தது. டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே ஹெச்1 அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்தை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "ஒரே சீட்டைத் தூக்கிட்டு ரெண்டாவது தடவை வர்றாங்க சார். சின்னப் பசங்களும் வர்றாங்க" என்றார். டபென்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வராத வாரம் இல்லை. அதுவும் ஆபரேஷன் வலிக்கு எழுதும் மாத்திரைதான்.

ஆக, கடை வாசல் வரை கணக்கு கறாராக இருக்கிறது. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகு அந்த மாத்திரைக்கு ஒரு கணக்கும் கிடையாது. இந்தக் கறார்கூட ஒரு காலத்தில் போகக் கூடாத பக்கம் போயிருக்கிறது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள், புற்றுநோய் வலி போன்ற கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினை வாங்குவதையே விட்டுவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மருத்துவ மார்பின் உபயோகம் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கேரளத்தில் வலி தணிப்பு சிகிச்சை டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இதனால்தான் இந்த மாத்திரைகளே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம். புதிய முட்டியோடு முதல் வாரம் நடக்கிறவருக்கு இது வேண்டும். என்ன மாத்திரை, எப்போது நிறுத்துவது, மீந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டு மாத்திரை டப்பா ஒரு பழைய பிஸ்கட் டின். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். ஒரு நாள் மதியம் அதைப் பாயில் கொட்டினேன். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டைகள்தான் பாதிக்கு மேல். நான்கு மாத்திரை கேட்டால் நான்கை வெட்டுவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையில் தங்கிவிடும். ஒரு துண்டில் "டால்" என்று வால் மட்டும் இருந்தது. டிரமடாலா, டபென்டடாலா? இரண்டுமே "டால்" என்றுதானே முடிகின்றன. சிவப்புக் கட்டத்தில் போடும் எச்சரிக்கையும் வெட்டோடு போயிருந்தது. இருந்திருந்தாலும் ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும். அடியில் அப்பாவின் பிரஷர் மாத்திரை ஒரு முழு அட்டை. அதை அக்கா சட்டென்று எடுத்துத் தனியே வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தையல் பிரிக்கப் போன அன்று சர்ஜனிடம் கேட்டேன்: டிரமடால் மிச்சம் இருக்கிறதே, என்ன செய்ய? அவர் சிரித்துக்கொண்டே, "வச்சுக்குங்க சார், அடுத்த முட்டிக்கு ஆகும்" என்றார். இடது முட்டியும் தேய்ந்துதான் இருக்கிறது. நகைச்சுவையாகத்தான் சொன்னார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கீழே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டபோது, "பிரிச்ச அட்டை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. பணம் வேண்டாம், அழிக்கத்தான் என்று இரண்டு முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. அப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கேரளத்தில் 2025-ல் என்-ப்ரவுட் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். மீந்த மருந்தை வீட்டிலிருந்தும் பெட்டிகளிலிருந்தும் வாங்கிக்கொண்டு போய் எரிக்கும் திட்டம், முதலில் கோழிக்கோடு பக்கம். லால்குடியில் எங்களுக்கு அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் என்று சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். தெருவில் யார் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. திரும்பிப் போகும்போது அவர் பை காலியாகத்தானே போகிறது?

2025-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டில் மீந்தால் கழிப்பறையில் கொட்டிவிட வேண்டிய மருந்துகள் என்று 17 பெயர் இருக்கிறது. டிரமடால், டபென்டடால், பென்டனில் எல்லாம் அதில் உண்டு. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல்தான், இருந்தாலும் ஒரு குழந்தை கையில் கிடைப்பதைவிட மேல் என்பது கணக்கு. மற்ற மாத்திரைகளைக் கொட்டக் கூடாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால், அட்டையிலிருந்து பிரித்து, காபிச் சக்கை மாதிரி யாரும் கை வைக்காத ஒன்றோடு கலந்து, கட்டிக் குப்பையில் போடச் சொல்வது அமெரிக்க வழக்கம். "நம்ம வீட்டுல அதுக்கா பஞ்சம்?" என்று அக்கா காலை டிகாக்‌ஷன் இறக்கின சக்கையை எடுத்துவந்தாள். அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அது ரோஜாச் செடிக்கு."

டிரமடாலை எண்ணினேன். வாங்கினது 30. உறையில் அக்கா போட்ட கோடுகளின்படி சாப்பிட்டது 11. கையில் இருந்தது 15. இரண்டு தடவை எண்ணியும் 15தான்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எதிர் வீட்டுப் பெரியப்பா இடுப்பு வலின்னு ரெண்டு நாளா எழுந்திரிக்கல. நாலே நாலு வெட்டிக் கொடுத்தேன். நல்ல மாத்திரைதானேடா?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்று போட்டதும் தலை சுற்றியது, டிவிஎஸ்ஸை எடுக்கவில்லை, அப்புறம் தொடவே இல்லை என்றார். சட்டைப் பையிலிருந்து மூன்று மாத்திரையுள்ள அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். பெயர் இருந்த பக்கம் அதில் இல்லை.

பதினெட்டையும் போட்டு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். "அதுல ஒண்ணு எவ்வளவு ரூபா தெரியுமா?" என்றார்.