எச்சரித்தது ஒன்று, தப்புச் செய்தது இன்னொன்று: இரண்டு வருட டெபியன் அனுபவம்

திருப்பூரில் பனியன் பிரின்டிங்குக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. மூன்று கணினிகளிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், க்னோம் டெஸ்க்டாப், எக்ஸார்க் அமர்வு (விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரில் ஓடுவது). இரண்டு வருடமாக நன்றாகவே உழைக்கின்றன. ஒரே ஒரு தொல்லை மட்டும் ஏழெட்டு மாதம் இழுத்தடித்தது.

"ஏனுங்ண்ணா, ஃபைலைத் திறந்தா விண்டோ முன்னாடி வரமாட்டேங்குதுங்க" என்று டிசைன் போடும் தம்பிதான் முதலில் சொன்னார். கோப்பு திறந்துவிடும், ஆனால் மற்ற விண்டோக்களுக்குப் பின்னால் போய் நிற்கும். 'தயார்' என்று ஓர் அறிவிப்பு மட்டும் மேலே வரும். பார்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து கலர் பார்க்கும் நேரத்தில் இது பெரிய இடைஞ்சல்.

கணினியின் பதிவேடான ஜர்னலைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். விண்டோக்களை நிர்வகிக்கும் க்னோம் ஷெல் பெயரில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப இருந்தது: கடைசிப் பயனர் நேரம் ஒப்பிடும் நேரத்தைவிட அதிகம், ஏதோ ஒரு செயலி தவறான நேரத்தை அனுப்புகிறது. வரியின் முன்னால் ஷெல்லின் பெயர் இருந்ததால் கோளாறு அதில்தான் என்று முடிவுகட்டி அதோடு சேர்த்திருந்த மூன்று நீட்சிகளை (கூடுதல் வசதிகளை) அணைத்தேன். எதுவும் மாறவில்லை. எச்சரிக்கையை எழுதியதுதான் ஷெல்; தப்புச் செய்தது வேறு யாரோ. இது புரியவே மாதக்கணக்கானது.

எந்த விண்டோவைக் கடைசியாகத் தொட்டோம் என்பதை எக்ஸ் சர்வர் மில்லிவினாடியில் குறிக்கிறது. யார் முன்னால் வருவது என்று அதை வைத்தே முடிவாகிறது. ஒரு செயலி வராத நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் பழையதாகத் தெரியும். அந்த எண் 32 பிட் என்பதால் 49.7 நாளில் சுற்றி பூஜ்யத்துக்கு வரும். அதனாலோ என்றும் யோசித்தேன். ஞாயிறுதோறும் கணினிகளை அணைத்துவிடுகிறோம், ஆகவே அது இல்லை.

சரி, ஆள் யார்? சில சமயம் எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே அந்த விண்டோவின் பதினறும எண் வரும். எக்ஸ்ப்ராப் கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் செயலியின் வகைப் பெயரும் பிராசஸ் எண்ணும் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) கிடைக்கும். விண்டோ திறந்திருக்கும்போதே கேட்க வேண்டும், மூடிவிட்டால் பிழைதான் வரும். நான் இரண்டு முறை தவறவிட்டேன். அப்புறம் ஒரு டெர்மினலில் புது வரிகளை உடனுக்குடன் காட்டும் ஜர்னல்சிடிஎல் -எஃப் ஓடவிட்டு, வரி விழுந்த உடனே கேட்டேன். பிராசஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓடும் ஃபிளாட்பேக் வகைச் செயலி என்றால் அது தன் பெட்டிக்குள் இருக்கும் எண்ணைச் சொல்லிவிடும். வகைப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

மாட்டியது, ஆர்டர் பேச வைத்திருந்த அரட்டைச் செயலி. பழைய பதிவுகளைப் புரட்டினேன். டெபியன் 11 முதல் ஜர்னல் வட்டிலேயே சேமிக்கப்படுவதால் எல்லாம் பத்திரமாக இருந்தன. பார்ட்டிகள் வரிசையாக மெசேஜ் போடும் சாயங்காலங்களில்தான் எச்சரிக்கைகள் குவிந்திருந்தன.

பதிவு வரிகளையும் பதிப்பு எண்ணையும் செயலி செய்தவர்களுக்கு அனுப்பினேன். இப்போது அதை பிரவுசரில்தான் திறக்கிறோம். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் ஜர்னலை ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன்; நான்கு மாதமாக அந்த வரி ஒன்றுகூட இல்லை. அணைத்து வைத்திருந்த மூன்று நீட்சிகளையும் திரும்பப் போட்டுவிட்டேன்.