கேள்வி கேட்ட பிறகே கணினியைத் தொடும் ஓர் அலுவலகம்

குன்னூரில் மவுண்ட் ரோட்டிலிருந்து மார்க்கெட் பக்கமாக இறங்கும் சந்து ஒன்றில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்த வருமான வரி உதவி அலுவலகம். அதை நடத்தும் அம்மையார் தம் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஊரில் எல்லாரும் அவரை ஆடிட்டர் என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் தாம் பட்டயக் கணக்காளர் அல்லர் என்பதையும், ஒரு கணக்காளரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்துப் பழகியவர் என்பதையும் முதல் நாளே, நாம் கேட்காமலேயே, அவர் சொல்லிவிடுகிறார். தணிக்கை தேவைப்படும் வணிகக் கணக்குகளை அவர் எடுப்பதில்லை.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியன், வயது 62. ஓய்வூதியம், வங்கி வைப்புத்தொகைக்கு வரும் வட்டி, தந்தையார் என் பெயருக்கு எழுதிவைத்த மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் ஆகியவையே என் வருமானம். 84 வயதான என் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சில ஆண்டுகளாக இருவருக்குமான வரி அறிக்கையை ஓர் இணைய மையத்தில் கொடுத்து வந்தேன். ஆண்டு ஓய்வூதியத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16-ஐ நீட்டினால் கால் மணி நேரத்தில் ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. 2025 ஆகஸ்டில் அந்த மையம் பூட்டிக் கிடந்தது. 2024-25 வருமானத்துக்கான கெடுவை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள் என்பதால் அவசரம் இல்லை என்றாலும், வேலையை முடித்துவிடலாமே என்று இந்த மாடிப்படி ஏறினேன்.

அங்கே நடந்த முதல் வித்தியாசம் இது: நான் நீட்டிய காகிதங்களை அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சார், தோட்டம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அது விவசாயம், அதற்கு வரி இல்லையே என்றேன். "வரி இல்ல சார், ஆனா காட்டணும். கொழுந்தை ஃபேக்டரிக்குக் குடுக்கறீங்களா, நீங்களே தூள் பண்றீங்களா?" என்பது அடுத்த கேள்வி. இணைய மையத்தில் இத்தனை ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் இவை.

இந்த மலையில் வரி குறித்துப் பேசுகிறவர்களிடையே தேயிலையைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. தேயிலை என்றாலே முழுக்க விவசாயம் என்பது ஒன்று. தேயிலை வருமானத்தில் 40 சதவீதத்துக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. அவர் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு இரண்டையும் பிரித்துக் காட்டினார். தன் தோட்டத்துப் பச்சைக் கொழுந்தைப் பறித்து அப்படியே தொழிற்சாலைக்கு விற்கிறவருக்கு அது முழுமையாக விவசாய வருமானம். தானே விளைவித்துத் தானே தூளாக்கி விற்கிறவருக்குத்தான் 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8-ஆம் விதி பொருந்தும். அங்கே 60 சதவீதம் விவசாயமாகவும் 40 சதவீதம் வணிக வருமானமாகவும் பிரியும். நான் முதல் வகை. கூட்டுறவுத் தொழிற்சாலை மாதந்தோறும் தரும் கணக்குச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பறிகூலி, உரம், கவாத்துச் செலவு ஆகியவற்றை நான் டைரியில் குறித்து வைத்திருந்தது அன்றைக்கு உதவியது. கொழுந்து விற்ற தொகை 2,86,000 ரூபாய், செலவு 1,46,000 ரூபாய், மீதி 1,40,000 ரூபாய்.

விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது, என்னைப் போன்றவர் ஐடிஆர்-2 போட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இணைய மையத்தார் ஆண்டுதோறும் தோட்டத்தையே விட்டுவிட்டு ஐடிஆர்-1 போட்டிருக்கிறார்கள். முந்தைய ஆண்டின் அறிக்கையைத் திருத்துவதற்கான கெடு கடந்துவிட்டிருந்தது. தோட்டத்தைச் சேர்த்தாலும் அந்த ஆண்டுக்கு வரி ஏதும் வந்திராது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கழிவுகள் பல உள்ள பழைய வரி முறையா, கழிவுகளும் வரி விகிதமும் குறைவான புதிய வரி முறையா என்ற கேள்விக்கு அவர் விடை சொன்ன விதத்தைச் சற்று விரித்து எழுதுகிறேன். தோட்டம் வைத்திருக்கும் ஓய்வூதியர்கள் நீலகிரியில் நிறைய பேர் இருக்கிறோம். என் ஓய்வூதியம் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய், வைப்புத்தொகை வட்டி 85,000, சேமிப்புக் கணக்கு வட்டி 9,000. பழைய முறையில் 50,000 ரூபாய் நிலையான கழிவு, மூத்த குடிமக்களின் வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 40,000 ஆகியவற்றைக் கழித்தால் 4,94,000 நிற்கிறது. ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டது, தள்ளுபடி கிடைக்கும், வரி பூஜ்ஜியம் என்று நான் மனத்துக்குள் முடித்துவிட்டேன். தோட்டம் இல்லாதவருக்கு அது சரிதான். எனக்கோ, விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லாவிட்டாலும், வரி விகிதத்தைத் தீர்மானிக்க அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 4,94,000-உடன் 1,40,000 சேர்த்து 6,34,000-க்கு வரி 36,800. மூத்த குடிமகனின் வரம்பான மூன்று லட்சத்துடன் 1,40,000 சேர்த்து 4,40,000-க்கு வரி 7,000. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 29,800. பழைய முறையில் தள்ளுபடியின் உச்சம் 12,500 ரூபாய்தான். மீதி 17,300 ரூபாய்க்கு நான்கு சதவீத சுகாதார, கல்வி செஸ்ஸும் சேர்ந்து 17,992 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

அதே கணக்கைப் புதிய முறையில் போட்டார். நிலையான கழிவு 75,000. மற்றக் கழிவுகள் இல்லை. மொத்த வருமானம் 5,59,000. தோட்டத்தைச் சேர்த்து 6,99,000-க்கு 19,950, கழிக்க வேண்டியது 7,000, ஆக 12,950. அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி 25,000 வரை என்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இந்த இரண்டு கணக்குகளையும் அவர் கைப்பட எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணினி சொல்லும் விடையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் என்பதைக் காட்ட அவர் செலவிட்ட இருபது நிமிடம்தான் நான் கொடுத்த கட்டணத்துக்கு உண்மையான ஈடு.

85,000 என்ற வட்டித் தொகையிலும் ஒரு கதை உண்டு. நான் கொண்டுபோன தாளில் 61,000 என்றுதான் எழுதியிருந்தேன். ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "இது எந்த டெபாசிட் சார்?" என்றார். முதிர்வில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நான் போட்டுவைத்த வைப்புத்தொகை அது. பணம் கைக்கு வரவில்லையே, அதை ஏன் காட்ட வேண்டும் என்பது பலரும் கேட்கும் கேள்வி, நானும் கேட்டேன். வங்கி ஆண்டுதோறும் வட்டியைக் கணக்கில் ஏற்றி, வரியையும் பிடித்து, வரித்துறைக்கும் சொல்லிவிடுவதால், அந்தந்த ஆண்டிலேயே காட்டிவிடுவதுதான் சிக்கல் இல்லாத வழி என்று விளக்கினார். வட்டி 50,000-ஐத் தாண்டியதாலும், வரி வராது என்று உறுதியளிக்கும் 15எச் படிவத்தை நான் கொடுக்காததாலும், வங்கி 8,500 ரூபாய் பிடித்திருந்தது. 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு ஒரு லட்சமாக உயர்ந்துவிட்டது.

தாயாரின் கணக்கில் வேறு விதமான தவறு. ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வரும். குடும்ப ஓய்வூதியமோ 'பிற வழி வருமானம்' என்ற தலைப்பில் வரும். அதற்குச் சம்பளக்காரரின் நிலையான கழிவு கிடையாது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் கழிவு. இணைய மையத்தார் 'ஓய்வூதியம்' என்ற சொல்லைப் பார்த்ததும் சம்பளம் என்று போட்டு 50,000 ரூபாயைக் கழித்துவிட்டிருந்தார்கள். வரி வராத அளவு வருமானம் என்பதால் தப்பித்தோம்.

இன்னொன்றையும் அந்த அம்மையார்தான் கண்டுபிடித்தார். வரித்துறைத் தளத்தில் எங்கள் இருவர் பெயரிலும் பதிவாகியிருந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் எங்களுடையவை அல்ல, இணைய மையத்தாருடையவை. வரித்துறை எங்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் யாருடைய அஞ்சல்பெட்டிக்கோ போய்க்கொண்டிருந்திருக்கின்றன. அதை மாற்றாமல் அறிக்கையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, நான் "ஆயிற்று" என்று சொல்லும்வரை வெளியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்தவன் நான். அந்தத் திரும்பலின் மதிப்பு எனக்குத் தெரியும்.

அறிக்கையை அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் பொதுவான பிழை. 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும்; உறுதிசெய்யாமலே விட்டுவிட்டால் அறிக்கையே கொடுக்காததற்குச் சமம். எனக்கு ஆதார் ஓடிபி மூலம் ஒரு நிமிடத்தில் முடிந்தது, அதுவும் சிக்னலுக்காக ஜன்னலோரம் போய் நின்ற பிறகு. தாயாரின் ஆதாரில் இருந்ததோ, தந்தையார் காலத்தோடு முடங்கிப்போன எண். ஆகவே ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயாரிடம் நீல மையில் கையொப்பம் வாங்கி, பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். 30 நாட்களுக்குள் அது அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னதால் மறுநாளே அஞ்சலகத்துக்குப் போனேன்.

குறைகளும் இருக்கின்றன. கட்டணம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, கேட்டால்தான் சொல்கிறார். ஐடிஆர்-1-க்கு 600 ரூபாய், ஐடிஆர்-2-க்கு 1,200 ரூபாய் வாங்கினார். இணைய மையத்தைவிட இது பல மடங்கு. முதல் நாள் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முன்பதிவு என்ற வழக்கமே அங்கே இல்லை. படிகள் செங்குத்தானவை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. முதியவர்கள் கீழேயிருந்து போன் செய்தால் மளிகைக் கடைத் திண்ணைக்கு அவரே இறங்கி வருகிறார் என்றாலும், மழை நாளில் அது இருவருக்கும் சிரமம்.

என்னை உண்மையில் வருத்தியது அறிக்கை அனுப்பிய பிறகான மௌனம். மூன்று வாரம் கழித்து, 143(1) பிரிவின் கீழ் என்று தலைப்பிட்ட ஒரு மின்னஞ்சல் வந்தது. வரித்துறையிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று அன்றிரவு தூக்கம் போயிற்று. மூன்று முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. மறுநாள் மாலைதான் திருப்பி அழைத்தார். அது நோட்டீஸ் அன்று, நாம் சொன்ன கணக்கு ஒரு பத்தியிலும் அவர்கள் போட்ட கணக்கு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும், இரண்டும் ஒத்திருந்தால் கவலையில்லை என்றார். கோப்பைத் திறக்கப் பான் எண்ணைச் சிறிய எழுத்திலும் பிறந்த தேதியை அதைத் தொடர்ந்தும் இட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இப்படி ஒரு மின்னஞ்சல் வரும், பயப்படாதீர்கள் என்று அறிக்கை அனுப்பிய அன்றே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், ஃபார்ம் 16 ஆகியவற்றுடன் கொழுந்துக் கணக்குச் சீட்டுகளையும் செலவுக் குறிப்பையும் கொண்டுபோங்கள். ஆதாரில் இணைத்த எண் உள்ள கைபேசி கையில் இருக்கட்டும். கெடுவுக்கு முந்தைய வாரத்தில் போகாதீர்கள். அப்போது வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார்.

செப்டம்பர் இறுதியில் என் கணக்குக்கு 8,755 ரூபாய் வந்தது. பிடித்தது 8,500-தானே, அதிகமாக அனுப்பிவிட்டார்களோ என்று நேரில் போய்க் கேட்டேன். மாதத்துக்கு அரை சதவீதம் வீதம் ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்கு வட்டி என்று சொல்லிவிட்டு, என் பெயர் எழுதிய கோப்பை எடுத்து அதன் மேலட்டையில் 255 என்று குறித்துக்கொண்டார். "இதையும் அடுத்த வருஷம் காட்டணும் சார், மறந்துடாதீங்க."