லாங்போவில் அம்பு இடது பக்கமே போகிறதா? ஒரே வில்லோடு சில வருடங்கள் பழகியதில் தெரிந்துகொண்டவை

வலது கையால் நாண் இழுப்பவரின் அம்புகள் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்கு இடது பக்கமாகவே போய் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் சொல்வது “உங்க ரிலீஸ் சரியில்லை”, அதாவது நாணை விடும் விதம் சரியில்லை என்பதுதான். சில சமயம் அது உண்மை. ஆனால் லாங்போ என்ற மரபான நீண்ட மர வில்லில் அதைச் சொல்வதற்கு முன்னால் அம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வில்லையும் விடுபவரையும் திட்டித் தீர்த்த பிறகு கடைசியில்தான் எல்லோரும் அம்புக்கு வருகிறார்கள், அது தலைகீழ் வரிசை.

வில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து பாணி லாங்போ, மூன்று மரங்களை ஒட்டிச் செய்தது. முதுகில் ஹிக்கரி, நடுவில் பர்ப்பிள்ஹார்ட், நம்மைப் பார்க்கும் பக்கம் லெமன்வுட், இரு நுனியிலும் கொம்பு. நீளம் ஆறடி, 28 அங்குலம் இழுத்தால் இழுவை 40 பவுண்டு. நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதி, அதனால் குளிர்காலம் முழுக்க ஹாலுக்குள் போர்ட்ஸ்மத் சுற்றுதான் (20 கஜத் தூரம், 60 செ.மீ. இலக்கு, 60 அம்பு), வெயில் வந்தால் வெளியே புல்வெளி.

இந்த வில்லில் அம்பு உட்கார சின்னத் தட்டு மாதிரி வெட்டு எதுவும் கிடையாது. நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லில் கைப்பிடியை நடுக்கோடு வரை வெட்டியிருப்பார்கள், அம்பு ஏறக்குறைய நேராகவே கிளம்பும். இங்கே அம்பு உங்கள் ஆள்காட்டி விரல் முட்டியின் மேல், கைப்பிடியின் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாணோ கைப்பிடியின் நடுவை நோக்கித் திரும்புகிறது. அப்படியானால் அம்பு இடது பக்கம் சாய்ந்துதான் போக வேண்டும், ஆனால் சரியான அம்பு நேராகப் போகிறது, ஏனென்றால் அது வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, அப்படியே துடித்துத் துடித்து நிதானத்துக்கு வருகிறது. ஆர்ச்சர்ஸ் பாரடாக்ஸ் என்று இதற்குப் பெயர். 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்துக் காட்டினார். ஆக, அம்பு எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைந்தாக வேண்டும். விறைப்பு அதிகமானால் வலது கைக்காரருக்கு இடது பக்கம், குறைந்தால் வலது பக்கம்.

அந்த விறைப்பின் அளவைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். மர அம்புக்கு அளக்கும் முறை எளிது: 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், மேலே தண்டு, நடுவில் 2 பவுண்டு எடை. எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26-ஐ வகுத்தால் ஸ்பைன். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40 பவுண்டு. ஒரு பலகை, இரண்டு ஆணி, தொய்வை அளக்க ஒரு டயல் கேஜ் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்த விளையாட்டுக்காகச் செலவழித்ததில் அதிகப் பலன் தந்தது இதுதான், வில்லைவிடவே அதிகம் என்று கூடச் சொல்வேன்.

சரி, வில் வாங்கிய புதிதில் நேராகப் போன அம்பு ஏன் பிறகு இடது பக்கம் ஒதுங்கியது? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளானது. மர வில் பழகப் பழகக் கொஞ்சம் தளரும். நாணை அவிழ்த்த பிறகும் லேசான வளைவு தங்கிவிடும், இழுவையும் இறங்கும். தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தபோது 40 என்றிருந்த வில் 37-ஐ ஒட்டி நின்றது. வில் தளர்ந்தது, அம்பு பழைய விறைப்பிலேயே இருந்தது, அதாவது வில்லுக்கு அம்பு விறைப்பாகிவிட்டது. யாருடைய ரிலீஸும் கெடவில்லை.

இதையும் ரிலீஸ் கோளாறையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அம்புகள் இடது பக்கம் போனாலும் நெருக்கமாக, கொத்தாக விழுந்தால் அம்பைச் சந்தேகியுங்கள். இரண்டு இடது, ஒன்று நடு, ஒன்று ரொம்ப இடது என்று சிதறினால் அது விரல். நாணை விடும்போது கை கன்னத்தை விட்டு வெளிப்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது, அதுவும் அம்பை இடது பக்கம்தான் தள்ளும். பக்கவாட்டில் போனை நிறுத்தி வீடியோ எடுத்தால் இது தெரியாது, பின்னாலிருந்து எடுக்க வேண்டும்.

இறகில்லாத அம்பை விட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. இறகுள்ள மூன்று, இறகில்லாத ஒன்று, பத்துக் கஜத்திலிருந்து. இறகில்லாதது மற்றவற்றுக்கு இடது பக்கம் விழுந்தால் விறைப்பு, வலது பக்கம் என்றால் தளர்வு. கீழே விழுந்தால், அம்பைப் பொருத்தும் இடத்துக்கு அடையாளமாக நாணில் கட்டியிருக்கும் நாக்கிங் பாயிண்ட் உயரத்தில் இருக்கிறது, மேலே என்றால் தாழ்வில். குத்தி நிற்கும் சாய்வை நம்பாதீர்கள், வைக்கோல் இலக்கு அம்பைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். விழுந்த இடத்தை மட்டும் பாருங்கள். தூரத்தைக் கூட்டாமல் இருப்பதும் நல்லது, மரத்தண்டு கோணலாகக் குத்தினால் ஒடியும்.

என் வில்லுக்கு முதலில் செய்தது முனையை மாற்றியது. 80 கிரெய்ன் எடையுள்ளதைக் கழற்றி 100 கிரெய்ன் போட்டேன். முன்பக்கம் கனத்தால் அம்பு கூடுதலாக வளையும். ஹாட் மெல்ட் பசையில் ஒட்டியிருந்தால் முனையை லைட்டரில் சூடாக்கிக் குறட்டால் திருகினாலே வந்துவிடும், தண்டில் நெருப்புப் படக் கூடாது. பாதி விலகல் இதிலேயே போய்விட்டது. மீதிக்கு, 40-45 ஸ்பைன் தண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு 35-40-க்கு இறங்கினேன். அத்தோடு இடது பக்கத் தொல்லை முடிந்தது. தண்டைக் கொஞ்சம் நீளமாக விடுவதும் இதே பலனைத் தரும், ஆனால் வெட்டிய தண்டை நீட்ட முடியாதே.

ஒரே டஜனுக்குள் இருக்கும் வித்தியாசம் தனிக் கதை. ஒரு கடையில் 40-45 என்று சீட்டு ஒட்டி விற்ற டஜனை அளந்ததில் ஒரு தண்டு 38, இன்னொன்று 49. அப்படிப்பட்ட டஜனை வைத்துக்கொண்டு யார் விட்டாலும் சிதறத்தான் செய்யும். எனவே அம்புகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த எண் எங்கே விழுந்தது என்று நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நாளில் ஒரு எண் மட்டும் தனியாகத் திரிவது தெரியும். என்னிடம் ஏழாம் எண் அப்படி இருந்தது, எப்போதும் வலது மேல்மூலை. விளக்கில் காட்டிப் பார்த்தபோது நாணைக் கவ்வும் பின்நுனியின் (நாக்) அடியில் மயிரிழை அளவு விரிசல்.

மேலும் கீழும் சிதறுவது வேறு நோய், அதை இடது வலதோடு போட்டுக் குழப்பக் கூடாது. இதற்கு முதல் காரணம் இழுக்கும் நீளம். ஓர் அங்குலம் குறைவாக இழுத்தாலே இரண்டு பவுண்டுக்கு மேல் போய்விடும். குறி பார்த்துக்கொண்டே நிற்கும்போது முனை மெதுவாக முன்னால் நழுவும், விடுபவருக்குத் தெரியவே தெரியாது. முனைக்குப் பின்னால் வண்ண டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டு, அது கைப்பிடிக்கு வருகிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் இடது கை. அம்பு விரலின் மேல் உட்காருவதால், கை அரை செ.மீ. ஏறினாலோ இறங்கினாலோ அம்பின் கோணமே மாறிவிடும். என் வில்லில் அம்பு உரசும் இடத்தில் சின்னத் தோல் துண்டு பதித்திருக்கிறது, அதன் கீழ் விளிம்பை விரல் முட்டி தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்னொன்று, இறகின் முன்நுனியைச் சீவி, நூல் சுற்றிப் பசை தடவாவிட்டால் அது போகிற போக்கில் விரலைக் கிழிக்கும். ஒருமுறை கிழித்துவிட்டால் அதற்குப் பிறகு கை தானாகவே கீழே பதுங்கும், அப்புறம் அம்பெல்லாம் ஏன் மாறி விழுகிறது என்று வில்லை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மெல்லிய தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மூன்றாவது நாண். மரபு நாணில் மேலே வளையம், கீழே டிம்பர் ஹிட்ச் என்ற முடிச்சு. புது நாணில் இந்த முடிச்சு முதல் சில டஜன் அம்புகளுக்குள் இறுகி நழுவும், நாணும் நீளும், கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறையும். அரை அங்குலம் குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும், அம்பு விழும் இடமும் மாறும். என் வில்லுக்கு ஆறேகால் அங்குலம் ஒத்துப்போகிறது. பழைய வழக்கப்படி கைப்பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்க்கலாம், ஆனால் ஒரு ஸ்கேல் வைத்து ஒவ்வொரு முறையும் அளப்பதில் என்ன கஷ்டம்?

மர அம்பு ஈரத்தில் கோணும், இந்த ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். மேசையில் உருட்டிப் பார்த்து, கோணிய இடத்தை உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்து, எதிர்ப்பக்கமாக மெல்ல அழுத்திப் பிடித்தால் நிமிர்ந்துவிடும். இறகின் வடிவம், விரலுறையின் விலை, நாணின் நிறம், இவற்றால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வில் இன்னும் நன்றாகவே இருக்கிறது. இடைவேளைகளில் நாணை அவிழ்த்துவிடுகிறேன், முன்பு போல இப்போது தளர்வதில்லை. புதிதாக வாங்குபவர்கள் வில்லோடு சேர்த்து ஒரு டஜன் அம்பையும் அதே நாளில் வாங்கிவிடாதீர்கள். வில் நன்றாகப் பழகட்டும். பிறகு இழுவையை அளந்து, இரண்டு மூன்று ஸ்பைனில் ஒவ்வொரு தண்டு மட்டும் வாங்கி விட்டுப் பார்த்து, எது நேராகப் போகிறதோ அதில் டஜன் சொல்லுங்கள்.